தூங்குகிற கம்ப்யூட்டர் ஏன் சுடுகிறது?

போன ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தைப்பூசக் காவடி விரதம் ஓடிக்கொண்டிருந்த நேரம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மெர்பேங்க் பகுதியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார் ஒருவர் காலை ஏழு மணிக்கே போன் செய்தார். மதுரைப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"தம்பி, தானா ஸ்லீப்புக்குப் போயிரும்னு விட்டுட்டுத்தான் படுத்தேன். ராத்திரி எந்திரிச்சுப் பார்த்தப்பவும் ஸ்க்ரீன் அணைஞ்சுதான் கெடந்துச்சு. இப்ப கேபினட் மேல கைய வச்சா வெந்நீர் அண்டா மாதிரி சுடுது. ஸ்லீப்ல கெடந்தா இப்படி ஆகுமா?"

"ஆகாது சார். அது தூங்கியிருக்காது."

அன்றைக்கு அவருக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இந்த ஊருக்குப் புதிதாக வந்து, முதல் தடவையாக ஒரு டெஸ்க்டாப் வாங்கி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவது. எல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஸ்லீப் என்றால் உள்ளே என்ன நடக்கிறது

சரியான ஸ்லீப்பில் ப்ராசஸர் அணைந்துவிடும். டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன்கள் எல்லாம் நின்றுவிடும். ரேமுக்கு மட்டும் மெல்லிசாகக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் திறந்து வைத்த வேலையை அது மறந்துவிடாமல் இருக்க. இதற்கு எஸ்3 என்று பெயர். மொத்தச் செலவு 1 முதல் 5 வாட், அவ்வளவுதான். சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன பல்பு அளவு. அந்தக் கரண்டை வைத்துக்கொண்டு ஒரு இரும்புப் பெட்டியைச் சூடாக்க முடியாது.

ஆகவே ஸ்லீப்பில் சூடு என்றால் கூலிங்கில் கோளாறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ப்ராசஸர் மேல் தடவுகிற, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவது, கூடுதல் ஃபேன் வாங்குவது எல்லாம் கடைசிப் பேச்சு. முதல் கேள்வி ஒன்றுதான்: அது உண்மையிலேயே தூங்கியதா?

ஒரு விலக்கு உண்டு. கேம் ஆடிவிட்டோ வீடியோ எடிட் பண்ணிவிட்டோ கையோடு ஸ்லீப் கொடுத்தால் ஃபேன் டக்கென்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் கால் மணி, இருபது நிமிடம் அங்கேயே நிற்கும். இது இயல்பு. அரை மணி கழித்தும் அதே சூடு இருந்தால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

இன்னொன்று, சூடு எங்கே என்று கையால் தொட்டுப் பாருங்கள். நம் ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் போடுகிற பெரிய மூன்று முள் ப்ளக்தான் இந்த ஊரில் பெரும்பாலானவற்றுக்கு. ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன ப்ளக்கை ஒரு அடாப்டரில் செருகி, அந்த அடாப்டரை மல்ட்டிப்ளக்கில் செருகி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த இணைப்பு தளர்ந்திருந்தால் சுடுவது அதுதான், கம்ப்யூட்டர் அல்ல. அடாப்டர் மஞ்சளித்தோ பழுப்பேறியோ இருந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிட்டு, இந்த ஊர் ப்ளக் வைத்த பவர் கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள். கேபினட்டில் செருகுகிற முனை எல்லா நாட்டிலும் ஒன்றேதான்.

தூங்குகிறதா, நடிக்கிறதா

ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனை அமுக்கி நீங்களே ஸ்லீப் கொடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல கேபினட்களில் முன்பக்க விளக்கு விட்டு விட்டு மினுக்கும், அல்லது நிறம் மாறும், அல்லது அணைந்துவிடும். ஃபேன் நிற்கும்.

சத்தம் இல்லையே, அப்படியானால் தூங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். இப்போது வரும் கிராஃபிக்ஸ் கார்டுகளும் சில பவர் சப்ளைகளும் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை அடியோடு நிறுத்திக்கொள்ளும். மௌஸில் சிவப்பு விளக்கு எரிவதும் கணக்கில்லை. ஸ்லீப்பிலும் யுஎஸ்பிக்குக் கரண்ட் வரும்.

சாட்சி எழுப்பும்போதுதான் கிடைக்கும். கீபோர்டில் ஒரு விசையைத் தட்டுங்கள். உள்ளே 'க்ளிக்' என்று ஒரு சத்தம், ஃபேன் 'உஸ்'ஸென்று கிளம்புவது, இரண்டு மூன்று விநாடி கழித்துத் திரை என்றால் அது தூங்கியிருந்தது. தட்டிய மாத்திரத்தில் திரை வந்தால் ஸ்க்ரீன் மட்டும்தான் அணைந்திருக்கிறது. பெட்டி முழித்துக்கொண்டேதான் கிடந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. கரண்ட் மீட்டர் வீட்டுக்குள்ளேயே இருந்து, அதில் ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், சிவப்பு விளக்கு ஒவ்வொரு தடவை மினுக்குவதும் 1 வாட்-மணி. டிபி போர்டில், அதாவது வீட்டின் ட்ரிப் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியில், கீசர் சுவிட்சை இறக்கிவிட்டு, ஃப்ரிட்ஜ், வைஃபை, விளக்கு எல்லாவற்றையும் ஒரு பத்து நிமிடம் அணையுங்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஸ்லீப்பில் இருக்கட்டும். சரியாக 6 நிமிடம் எண்ணுங்கள். ஒரு மினுக்குக்கு 10 வாட் என்று கணக்கு. ஒன்றுமே மினுக்கவில்லை, அல்லது ஒரே ஒரு தடவை மினுக்கியது என்றால் நல்ல தூக்கம். ஆறு ஏழு தடவை மினுக்கினால் 60, 70 வாட். அது சும்மா முழித்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் கணக்கு. வாத்தியாருக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துப்போய் வீட்டில் இருக்கிற டிவி, மைக்ரோவேவ் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டார். மீட்டர் வெளியே கம்பத்தில் இருந்து, வீட்டில் ப்ரீபெய்டு கரண்டுக்கு எண் அமுக்குகிற பெட்டி மட்டும் இருந்தால் இது நடக்காது.

உங்கள் பெட்டிக்கு என்ன தூக்கம் தெரியும்

இனி கொஞ்சம் டைப் அடிக்க வேண்டும். ஸ்டார்ட்டை அமுக்கி சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடியுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் என்று வருவதன் மேல் வலது பட்டனை அமுக்கி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் அடிக்க வேண்டிய சொல்லைப் போனில் சொல்வதுபோல் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்: பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எஃப், ஜி. எட்டு எழுத்தும் இடைவெளி இல்லாமல். 'பவர்கான்ஃபிக்' என்பதன் சுருக்கம். இனிமேல் இதை 'பவர் சொல்' என்கிறேன்.

பவர் சொல், ஒரு இடைவெளி, சாய்கோடு, ஏ. என்டர். சாய்கோடு என்பது கேள்விக்குறி இருக்கும் அதே விசை, ஷிஃப்ட் வேண்டாம். கழித்தல் குறி போட்டாலும் வேலை செய்யும்.

இரண்டு பட்டியல் வரும். மேலே இருப்பது உங்கள் பெட்டியால் முடிந்தது, கீழே இருப்பது முடியாதது. மேல் பட்டியலில் 'ஸ்டாண்ட்பை எஸ்3' இருந்தால் கவலை இல்லை, அடுத்த பகுதிக்குப் போகலாம். அதற்குப் பதில் 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று இருந்தால் அது புது வகை. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்பார்கள். போனைப்போல, திரை அணைந்தாலும் உள்ளே கொஞ்சம் முழிப்பு இருக்கும். நெட்டில் ஏதாவது வந்தால் வாங்கிக்கொள்ளும். லேப்டாப்பிலும், மானிட்டரோடு ஒட்டிய ஆல்-இன்-ஒன் பெட்டிகளிலும், கையளவு மினி பிசிகளிலும் இது அதிகம். ஏதாவது ஒரு ட்ரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் சாஃப்ட்வேர்) ஒத்துழைக்காவிட்டால் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். விண்டோஸின் உள் அமைப்புகள் எழுதியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து இதை எஸ்3 ஆக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். மதர்போர்டில் எஸ்3 இல்லாவிட்டால் இருக்கிற தூக்கமும் போய்விடும். இந்த வகைப் பெட்டிக்கு மருந்து ஹைபர்னேட். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தூங்கவிடாமல் தடுப்பது யார்

இங்கேதான் பாதிக்கு மேல் வழக்கு முடிந்துவிடுகிறது. பவர் சொல், இடைவெளி, சாய்கோடு, பிறகு ஆர், ஈ, க்யூ, யூ, ஈ, எஸ், டி, எஸ். அதாவது 'ரிக்வெஸ்ட்ஸ்'. என்டர்.

டிஸ்ப்ளே, சிஸ்டம், அவேமோட் என்று தலைப்பு தலைப்பாக வரும். எல்லாவற்றுக்கும் கீழே 'நன்' என்று இருந்தால் தடுப்பவர் யாரும் இல்லை. ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வாத்தியார் வீட்டில் சிஸ்டம் என்பதற்குக் கீழே 'ஆடியோ ஸ்ட்ரீம் பயன்பாட்டில் இருக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது.

"சார், ஏதாவது பாட்டு ஓடுதா?"

"ஒண்ணும் ஓடலியே தம்பி. ஸ்பீக்கர் அமைதியாத்தான் இருக்கு."

"அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

டக் என்ற சத்தம் எனக்கே போனில் கேட்டது. அடுத்த நொடி நாதஸ்வரம். விரதம் ஆரம்பித்த நாளிலிருந்து வாத்தியார் வீட்டு அம்மா சாயங்காலம் முருகன் பாட்டு போடுகிறார்கள். படுக்கும்போது ஸ்பீக்கர் குமிழை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பாட்டுப் பட்டியல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, விடிய விடிய. பாட்டு ஓடினால் விண்டோஸ் திரையை அணைக்கும், பெட்டியைத் தூங்கவிடாது. ஒரு வாரமாக யாருக்கும் கேட்காமல் முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் ஒரு துப்பு இருக்கிறது. இந்தத் தடை எல்லாம் தானாகத் தூங்குவதற்குத்தான். நீங்களே ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப் கொடுத்தால் பெரும்பாலும் தூங்கிவிடும். கையால் கொடுத்தால் தூங்குகிறது, விட்டால் தூங்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், ரிக்வெஸ்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். பாட்டு, பிரவுசரில் திறந்து கிடக்கும் வீடியோ, பாதியில் நிற்கும் டவுன்லோட், வேறு கம்ப்யூட்டரிலிருந்து யாராவது திறந்து வைத்திருக்கும் ஃபைல் என்று ஆள் அகப்படும். பட்டியல் காலியாக இருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் போய் ஸ்லீப் நேரம் 'நெவர்' என்று கிடக்கிறதா பாருங்கள். விற்ற கடையிலேயே அப்படி வைத்து அனுப்பியதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

நடு ராத்திரியில் எழுப்புவது யார்

தூங்கத்தான் செய்கிறது, ஆனால் காலையில் சூடு. அப்படியானால் இடையில் யாரோ எழுப்பியிருக்கிறார்கள்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் விசையைச் சேர்த்து அமுக்கி, ஈ, வி, ஈ, என், டி, வி, டபிள்யூ, ஆர் என்று அடியுங்கள். ஈவென்ட் வியூவர் திறக்கும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். பார்க்க ஆடிட்டர் நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும், மிரள வேண்டாம். மூன்று எண்ணை மட்டும் தேடினால் போதும். 'கெர்னல்-பவர்' 42 என்றால் அந்த நேரத்தில் ஸ்லீப்புக்குப் போனது. 'பவர்-ட்ரபிள்ஷூட்டர்' 1 என்றால் எழுந்தது. அதைத் திறந்தால் எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது, பெரும்பாலும் எழுப்பியது யார் என்பதும் இருக்கும். 'கெர்னல்-பவர்' 41 என்றால் ஒழுங்காக அணையாமல் நின்று மறுபடி கிளம்பியது, பெரும்பாலும் கரண்ட் போனதால். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மாடர்ன் ஸ்டாண்ட்பை பெட்டியில் 42க்குப் பதில் 506, எழுந்ததற்கு 507.

எழுப்பியது டைமர் என்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், உங்கள் பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஸ்லீப், 'அலவ் வேக் டைமர்ஸ்' – அதை டிசேபிள் செய்யுங்கள். விண்டோஸின் பராமரிப்பு வேலைக்கு வழக்கமான நேரம் அதிகாலை 2 மணி, அது எழுப்பிவிட்டிருக்கலாம். எழுப்பியது நெட்வொர்க் கார்டு என்றால் டிவைஸ் மேனேஜரில் அதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மௌஸுக்கும் அப்படியே. ரோட்டோரம் இருக்கும் வீட்டில் கன்டெய்னர் லாரி போகும்போது மேசை அதிர்ந்தால்கூடச் சில மௌஸ் விழித்துக்கொள்ளும். கீபோர்டுக்கு மட்டும் அந்த அனுமதியை விட்டுவையுங்கள், காலையில் நீங்கள் எழுப்ப வேண்டாமா.

ஒன்று கவனியுங்கள். டைமரோ நெட்வொர்க்கோ எழுப்பி, ஆள் யாரும் தொடவில்லை என்றால் விண்டோஸ் வழக்கமாக இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கப் போய்விடும். அந்த இரண்டு நிமிடத்தில் பெட்டி சூடாகாது. இரவு முழுக்கச் சூடு என்றால் எழுப்பியவர் ஒருவர், மறுபடி தூங்கவிடாமல் பிடித்தவர் இன்னொருவர். எழுப்பியவரை மட்டும் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்து, அடுத்த வாரம் திரும்பவும் என்னிடம் வருவார்கள்.

கரண்ட் போய் வந்தால்

இது இந்த நாட்டுக்கே உரிய கதை. 2022, 2023இல் இங்கே இருந்தவர்களுக்கு ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் இரண்டிரண்டு மணி நேரமாகப் பல தடவை கரண்ட் போகும். 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் ஏரியா ட்ரான்ஸ்ஃபார்மர் போவதும் கேபிள் அறுபடுவதும் ஓயவில்லை.

ஸ்லீப்பில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் போனால் ரேமில் இருந்தது அழிந்துவிடும். கரண்ட் திரும்ப வரும்போது என்ன செய்வது என்பது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற மதர்போர்டின் சொந்த சாஃப்ட்வேரில், எழுதியிருக்கும். பாதுகாப்புக்காக என்று சில கடைக்காரர்கள் 'பவர் ஆன்' என்று வைத்துத் தருவார்கள். ராத்திரி ரெண்டரைக்குக் கரண்ட் வந்ததும் பெட்டி தானாகக் கிளம்பும், பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் திரை அணையும். ஸ்லீப் நேரமும் 'நெவர்' என்று இருந்தால் விடியும் வரை அப்படியே ஓடும். நீங்கள் காலையில் வந்து பார்த்தால் நேற்று தூங்கவைத்த அதே கறுப்புத் திரை, ஆனால் கொதிக்கிறது. ஈவென்ட் வியூவரில் 41 இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி பெயர் திரையில் வரும்போதே டிலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்றோ 'ஏசி பேக்' என்றோ இருக்கும். 'ஆஃப்' வையுங்கள். ரொம்பப் பழைய பெட்டி என்றால் அதே பயாஸில் 'ஏசிபிஐ சஸ்பெண்ட் டைப்' இருக்கிறதா பாருங்கள். எஸ்1 என்று இருந்தால் எஸ்3 ஆக்குங்கள். எஸ்1இல் ப்ராசஸருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், ஃபேனும் சுற்றும். சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

கடைசியாகப் பெட்டி

இத்தனையும் பார்த்து, மீட்டரும் தூங்குகிறது என்று சொல்லி, அப்படியும் பின்பக்கம் பவர் சப்ளை சுடுகிறதா? இப்போது பெட்டியைப் பார்க்கலாம்.

ஸ்லீப்பில் பெட்டிக்கு உயிர் கொடுப்பது பவர் சப்ளைக்குள் இருக்கும் ஒரு தனிச் சின்ன 5 வோல்ட் சுற்று. மதர்போர்டுக்குப் போகும் கம்பிக் கற்றையில் ஊதா நிறக் கம்பி அதனுடையது. பொதுவாக 2, 3 ஆம்பியர்தான் அதன் தெம்பு. முன்பக்க யுஎஸ்பியில் ராத்திரி இரண்டு போனைச் சார்ஜ் போட்டால் அந்தச் சுமை முழுக்க அதன் தலையில்தான். போனைச் சுவர் சார்ஜருக்கு மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் சுட்டால் பெரும்பாலும் அந்தச் சுற்றின் கப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது. பவர் சப்ளையை மாற்றுவதுதான் வழி. அதை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

டர்பனில் இன்னொரு விருந்தாளி உண்டு, பல்லி. ஸ்லீப்பிலும் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும் இடம் பவர் சப்ளை. பல்லிக்கும் கரப்பானுக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் பெட்டியை எழுப்பினால் 'டர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபேன் இறக்கைக்கும் கம்பி வலைக்கும் நடுவே காய்ந்து போன வால் ஒன்று. ஃபேன் சுற்றாமலே எத்தனை நாள் ஓடியதோ. கேபினட்டின் பின்னால் காலியாக இருக்கும் நீள ஓட்டைகளை மூடி போட்டு அடையுங்கள். காற்று போகும் வலையை அடைக்காதீர்கள்.

தூசியைப் பொறுத்தவரை டர்பனில் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது, மெல்லிய பிரஷ் வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றே மெலிது என்பதால் அதே ஃபேன் அங்கே குறைவாகத்தான் குளிர்விக்கும். கதவு வைத்த கம்ப்யூட்டர் மேசைக்குள் கேபினட்டை வைத்திருந்தால் அந்தக் கதவைக் கழற்றிவிடுங்கள். குரங்குக்குப் பயந்து பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி வைக்கிற வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

ஹைபர்னேட்

இவ்வளவு ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்பவர்களுக்கும், மாடர்ன் ஸ்டாண்ட்பை பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். பவர் சொல், இடைவெளி, சாய்கோடு, எச், இடைவெளி, ஓ, என். என்டர். பிறகு கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலை முழுவதையும் டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பெட்டி அணைந்துவிடும். கரண்ட் போனாலும் வேலை போகாது. எழும்போது கொஞ்சம் கூடுதல் விநாடி பிடிக்கும். வாத்தியாருக்கு அன்றே இதைப் போட்டுக்கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குப் பாட்டை நிறுத்துவது எங்கே என்றும் காட்டிக்கொடுத்தேன்.

கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், 42, 1, 41 மூன்றும் எத்தனை எத்தனை மணிக்கு வந்தன, ரிக்வெஸ்ட்ஸ் பட்டியலில் என்ன இருந்தது, ஸ்லீப்பில் சுட்டது பெட்டியின் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி கேபினட் மேல் ஒட்டிக் கொடுங்கள். வெறுமனே 'ஹீட் ஆகுது' என்று சொல்லிக் கொடுத்தால் பேஸ்ட்டை மாற்றி, ஃபேனை மாற்றி பில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.